என் ஆய்வில் மாமா செத்த விதம்

நான் நடத்திய ஒரேயொரு கல்வி ஆய்வில் ஒருவர் செத்துப்போனார். செத்தவர் என் மாமனார். (பதற வேண்டாம், குருநகரில் சுகமாக இருக்கிறார்.)

அப்போது நான் மருத்துவ பீடத்தில் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தரமாக வேண்டுமானால் உருப்படியாக ஓர் ஆய்வு செய்து காட்டும்படி எங்கள் துறைத் தலைவியான பேராசிரியர் அம்மா சொல்லியிருந்தார். மருத்துவக் கல்வியையே திருத்தப் பிறந்தவன் என்ற நினைப்பு எனக்கு. மாணவர்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு குழு நோயாளியின் விவரத்தைத் தாளில் வாசித்துக் கலந்துரையாடும். மற்றக் குழு அதே நோயாளியாக நடிக்கும் ஒருவரை நேரில் விசாரிக்கும். பிறகு இரு குழுவுக்கும் ஒரே பரீட்சை, புதிதாக ஒரு நோயாளியை விசாரிப்பது. எந்த முறை சிறந்தது என்று தெரிந்துவிடும், என் வேலையும் நிரந்தரமாகிவிடும்.

நடிக்க மாமாவைப் பிடித்தேன். கடலுக்குப் போகாத நாட்களில் கோயில் கூத்தில் ராசா வேடம் கட்டியவர். (நடிக்கிறவருக்கு நடிப்புத் தெரிந்திருந்தால் நல்லது என்று நினைத்த மேதை நான்.)

"மாமா, உங்களுக்கு மாரடைப்பு. ஆனால் நெஞ்சு நோகாது. வேர்க்கும், களைக்கும், அவ்வளவுதான். நீரிழிவுக்காரருக்கு அப்பிடித்தான். அந்தச் சீனி வருத்தம் உங்களுக்கு இருக்கிறதை மாணவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ."

"கேக்காட்டி?"

"கேப்பினம் மாமா."

கேட்கவில்லை. அந்தக் குழுவின் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று ஊர், தொழில், பிள்ளைகள், வெளிநாட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரித்தார்கள். சம்பந்தம் பேச வருபவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நான் தேத்தண்ணிகூடச் சீனி போடாமல்தான் குடிக்கிறனான்" என்று தூண்டில் போட்டார்.

"நல்ல பழக்கம் ஐயா" என்றான் ஒருவன், எழுதிக்கொண்டே.

அத்தோடு மாமா சாக முடிவெடுத்தார். கட்டிலில் எழுந்து நின்று, ராசா சாகும் பாட்டை முழுத் தொண்டையில் பாடி, தடாலென்று விழுந்தார். பக்கத்து அறையில் கலந்துரையாடிக்கொண்டிருந்த குழு முழுவதும் ஓடிவந்து யன்னலில் தொங்கியது. ஒரு மாணவி அவர் நெஞ்சை அமத்தத் தொடங்க, பிணம் கண் திறந்தது.

"மெல்லப் பிள்ளை. நான் செத்திட்டன்."

வாசலில் பேராசிரியர் அம்மா நின்றார். "உங்கட நோயாளி ஏன் செத்தவர்?" என்று என்னைக் கேட்டார். கட்டிலில் இருந்துதான் பதில் வந்தது.

"சீனி வருத்தம் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, அம்மா."

இரண்டு குழுவும் ஒரே சாவைப் பார்த்துவிட்ட பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? பரீட்சையில் அத்தனை பேரும் முதல் கேள்வியாகச் சீனி வருத்தத்தைத்தான் கேட்டார்கள். ஆய்வைக் குப்பையில் போட்டேன். நிரந்தர நியமனம் தள்ளிப்போனது. வெட்கத்தில் ஒரு மாதம் குருநகர்ப் பக்கமே போகவில்லை.

சில வருடங்கள் கழித்து, போன மாதம் மாமாவின் காலில் மீன்முள் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டொக்டர், அன்று "நல்ல பழக்கம்" என்றவன். மாமாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். காலைப் பார்க்க முதலே, "ஐயா, சீனி வருத்தம் இருக்கோ?" என்றான்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப கேக்கிறார்."

எங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றும்போது வந்தவரிடம் சீனி போடவா என்று நான் கேட்டால், மனைவி உள்ளேயிருந்து இன்றைக்கும் சொல்வாள்: "வடிவாக் கேளுங்கோ. கேக்காட்டி ஆள் செத்துப்போகும்."