தாம்பூலப் பையில் இருபத்துநாலு மணி நேரம்

அரசு ஊழியனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். அவனுக்குள் ஊறிப்போன நடைமுறைக்கு ஓய்வு கொடுக்க முடியாது. எனக்கு வந்த சிறுநீரகக் கல்லைவிட இதுதான் பெரிய வியாதி என்பாள் என் மனைவி சரோஜா.

கல் வெளியேறி (அந்த வைபவத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை) சில வாரங்கள் ஆகியிருந்தன. மறுபடி வராமலிருக்க, முதலில் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். என் பெயர் எழுதிய வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை சொட்டு விடாமல் அதில் பிடிக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த நாளில் ஆஸ்டின் டவுனில் ஒரு கல்யாணம்.

"நாளைக்குப் புடிச்சா ஆகாதா? அது எங்க ஓடிப் போவுது?" என்றாள் சரோஜா.

"ஆரம்பிச்சாச்சு. நடுவுல நிறுத்த விதியில்ல." (அந்த விதியை அந்த நிமிடம்தான் இயற்றினேன்.)

கேனைப் பழைய மஞ்சள் தாம்பூலப் பை ஒன்றில் மறைத்து எடுத்துப் போனேன். மண்டபத்தில் எல்லார் கையிலும் மஞ்சள் பை, யார் கவனிக்கப்போகிறார்கள்? இந்த யோசனைக்காக ஆட்டோவிலேயே எனக்கு நானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு நிச்சயமாகியிருந்த தொம்மலூர் வீட்டாரும் வந்திருந்தார்கள். பந்தியில் வருங்காலச் சம்பந்தி என் பக்கத்தில். இருவர் பையும் காலடியில். சாப்பிட்டுக் கைகழுவி, ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து அவசரமாகப் பையைத் திறந்தால், தேங்காய்.

போன் செய்தேன். சம்பந்தியம்மா எடுத்தார்.

"அண்ணா, நானே பேசணும்னு இருந்தேன். காசிக்குப் போனதைச் சொல்லவேயில்லையே! கேன்ல உங்க பேரைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு, கங்கா தீர்த்தம்தானே? பூஜை ரூம்ல வச்சு, பொட்டு வச்சு, பூ போட்டாச்சு."

"திறந்துட்டீங்களா?"

"குளிக்காம எப்படித் தொறக்கறது? இப்பத்தான் குளிக்கப் போறேன்."

பக்கத்தில் நின்ற மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா என் கல்யாணம் அவ்வளவுதான்."

சொன்னேன். ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நானோ, கல் உருவாகும் காரணங்களில் தொடங்கி, மாதிரி சேகரிக்கும் முறை வழியாக, மெல்ல விஷயத்துக்கு வந்தேன். மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் கேட்டது சம்பந்தியின் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்கப் பேசினார்:

"சம்பந்தி, கற்பூரம் காட்டறதுக்குள்ள போன் பண்ணீங்களே, அது போதும்! பொண்ணு எங்களுக்குத்தான், பயப்படாதீங்க. கேனை மட்டும் நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

ஆய்வகத்தில் கேனிலிருந்த பொட்டைப் பார்த்த பெண், "ஏன் சார், பூஜெ மாடிதீரா?" என்று கன்னடத்தில் கேட்டாள், பூஜை செய்தீர்களா என்று. நடுவில் விட்டுப்போனதால் அது செல்லாது என்று வேறு கேன் கொடுத்தாள். இந்த முறை வீட்டைவிட்டு நகரவில்லை. முடிவைப் பார்த்த டாக்டர், "நாள் பூரா காபி குடிக்கறீங்க, தண்ணியே குடிக்கறதில்ல. உப்பையும் குறைங்க" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மா மட்டும் இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதை ஊற்றிக் கொடுத்தாலும் குடிப்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், குடத்திலிருந்து தானே மொண்டுகொள்வார்: தனக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

கல் திரும்பி வரவில்லை. அதற்கும் அவரிடம் பயம் என்கிறாள் என் மகள்.