காளான் காட்டுக்கு ஊரைக் கூப்பிட்ட பையன்

குவோப்பியோ,
ஞாயிறு மாலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா ஐலிக்கு, தம்பி தௌனோ வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம், படகு நலம், நீ நட்டுவிட்டுப் போன ஆப்பிள் மரம் இந்த வருஷமும் புளிப்பு. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மரியாதையெல்லாம் இத்தோடு சரி. பல்கலைக்கழகத்தில் யாரிடமோ சொல்லி என் மாடி அறையில் ஒரு பையனைக் கொண்டுவந்து இறக்கினாயே, ருஜ்ஜேரோ, கடல் கடந்து தெற்கே பலேர்மோவிலிருந்து படிக்க வந்தவன், அவனுக்கு வேறு அறை பார். இந்த வாரத்துக்குள் பார். ஏன் என்று கேட்பாய். உட்கார்ந்துகொண்டு படி.

வெள்ளிக்கிழமை வந்தான். நல்ல பையன், அதில் சந்தேகமில்லை. வாய் ஓயவில்லை, அதிலும் சந்தேகமில்லை. சனிக்கிழமை காலை சந்தைக்குக் கூட்டிப்போய் ஏரி மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன். தலையோடு முள்ளோடு மொறுமொறுவென்று தின்றான், எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மீன்காரம்மாவிடம் உங்கள் பெயர் என்ன, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், எந்த மாவில் புரட்டுகிறீர்கள் என்று விசாரணை நடத்துகிறான்! பின்னால் நீளமாக வரிசை நிற்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை, நம் ஜனங்கள் என்றைக்குத் திறந்தார்கள், எனக்குத்தான் கூச்சத்தில் காது சுட்டது. திரும்பி வரும்போது பஸ் காலியாகக் கிடக்கிறது, இவன் போய் ஓர் அம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். பாவம், அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பென்த்தி வேலியோரம் நிற்கிறார். பென்த்தியும் நானும் இத்தனை வருஷமாக ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள். இவன் ஒரே மூச்சில் அவருடைய முதுகுவலி, மகளுடைய விவாகரத்து, போன் நம்பர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாலையில் நீராவிக் குளியலுக்குச் சவுனா அறையைச் சூடாக்கினேன். குளியல் உடுப்போடு வந்து நின்று, "ஐயா, நிஜமாவே ஒண்ணுமே போட்டுக்கக் கூடாதா?" என்றான். கூடாது என்றேன். அதற்குப் பிறகு நான் பேசவில்லை, சவுனாவில் பேச என்ன இருக்கிறது? ஆவி எழும்ப, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். அவன் கொஞ்ச நேரம் நெளிந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "ஐயா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? காலையிலேர்ந்து நீங்க என்கிட்ட முகங்குடுத்தே பேசலையே. என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க." கண் கலங்கியிருந்தது அக்கா, வேர்வை இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடித்ததால்தானே சும்மா இருந்தேன்! பிடிக்காதவன் என்றால் வானிலை பற்றியாவது பேசியிருக்க மாட்டேனா? இதை எப்படி அவனுக்கு விளக்குவது? விளக்கத் தெரியவில்லை, காட்டத்தான் தெரியும். அதனால்தான் இன்று காலை அவனை அப்பாவின் காளான் இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஆமாம், அதே இடம்தான். கத்தாதே. அத்தானுக்கே நீ இன்றுவரை காட்டாத இடம் என்று எனக்குத் தெரியாதா? வண்டியை வழக்கம்போல வேறு பக்கம் நிறுத்தி, ஆள் பார்க்கிறார்களா என்று பார்த்து, சதுப்பைச் சுற்றித்தான் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பாசி முழுக்க மஞ்சள் காளான் பூத்துக் கிடந்தது. பையன் மண்டியிட்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான். வாயே திறக்கவில்லை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் போனை எடுத்தான். அம்மாவுக்குப் படம் அனுப்புகிறான் போல என்று நானும் சிரித்தபடி நின்றேன், மடையன்.

ஒரு கூடை நிரம்புவதற்குள் காட்டில் பேச்சுச் சத்தம். அவன் வகுப்புப் பிள்ளைகள், சைக்கிளில், ஒருத்தி கையில் சாக்கு! அவர்களுக்குப் பின்னால் கூடையோடு யார் என்கிறாய்? பென்த்தி! "இந்தப் பையன் வரைபடமும் அனுப்பியிருந்தான், வழி தப்பவேயில்ல," என்றார். நான் ருஜ்ஜேரோவைப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எங்க ஊர்ல நல்லது கிடைச்சா நாலு பேரைக் கூப்பிடலைன்னாத்தான் ஐயா தப்பு. தனியா தின்னா தொண்டையில இறங்குமா?" என்கிறான். என்ன செய்யட்டும்? காடு எல்லோருக்கும் பொது, சட்டம் அப்படி. போங்கடா என்று சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மொட்டுக் காளானைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு அத்தனை பேரும் என் சமையலறையில். வெண்ணெயில் வதக்குகிறார்கள், இவன் பூண்டு போடுகிறான், என் மனைவி இர்மா கண்ணை மூடியதிலிருந்து நான் விரிக்காத பெரிய மடக்கு மேசையை யாரோ விரித்துவிட்டார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது. "எப்படி ஐயா?" என்று ஆசையாகக் கேட்டான். "அது எங்கப்பா காட்டின இடம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பென்த்தி முகம் சிவந்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். காளான் இடம் என்றால் இங்கே குடும்ப ரகசியம், வெளியாளுக்குக் காட்டவே மாட்டார்கள் என்று நம் ஊர்ப் பெண் ஒருத்தி அவனிடம் கிசுகிசுவென்று விளக்கினாள். பையனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் போன பிறகு, "உங்க அப்பா சொத்தை ஊருக்கே தூக்கிக் குடுத்துட்டேன். எனக்கு இங்க இருக்க மூஞ்சி இல்ல, நானே போயிடறேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அது கோபம்தான். ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும், அவன் கண்ட வரையில் நான் எப்போதும் அப்படித்தானே?

ஆகவே அறை பார். சமையல் வசதியோடு, வாயாடிகள் இருக்கிற வீடாகப் பார், அவனுக்கு அதுதான் சரி. மழைக்காலம் வருகிறது, கால் நனையாமல் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி தௌனோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வேலியோரம் இல்லை, வாசலில், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு பென்த்தி. "தௌனோ, எனக்கும் ஒரு இடம் இருக்கு. எங்கம்மா காட்டினது. உங்களோடதை நான் பார்த்துட்டேன், என்னோடதை நீங்க பார்க்காட்டி எனக்கு மனசு ஆறாது. சனிக்கிழமை வாங்க. அந்தப் பையனையும் கூட்டிட்டு வாங்க. போனை மட்டும் வீட்ல வெச்சிட்டு வரச் சொல்லுங்க," என்றார். மாடிக்குப் போனேன். அவன் பையிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் மாட்டினேன். அவன் முழித்தான். சரி, இவனுக்கு இது போதாது என்று, வாயைத் திறந்தே சொல்லிவிட்டேன் அக்கா: "போகாதடா. நீ இருந்தா எனக்கு நல்லா இருக்கு." கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறான், எங்கே கை வைப்பது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு. அறை பார்க்காதே. பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பென்த்தியின் இடம் எங்கே என்று மட்டும் கேட்காதே, கூடப்பிறந்தவள் என்றாலும் சொல்ல மாட்டேன்.