எட்டுப் பெட்டியும் நுழையாத பிளக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நலமா? முறைக்கு எழுதியாகிவிட்டது, இனி உண்மையை எழுதுகிறேன். மாசமாக இருக்கும் உன் மகளை, இரண்டு நாடுகள் சேர்ந்து இங்கே கட்டிய தாய் சேய் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. சேர்க்கவே சேர்க்காதே.

போன வாரம் என் மகளுக்கு எட்டாம் மாதமே வலி கண்டு, அங்கேதான் ஓடினோம். அன்றைக்குப் பார்த்து இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் பார்வையிட வருகிறார்களாம், லிப்டில் யாரும் ஏறக்கூடாதாம். பிள்ளைத்தாய்ச்சி மூன்று மாடி படியேறினாள். மேலே போனால் பிரசவ அறையின் புதுக் கட்டிலில் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சிரித்தபடி படுத்திருக்கிறாள், போட்டோவுக்காம்! "நிஜமாவே வலியில இருக்கிறவங்க மூஞ்சி போட்டோல நல்லா விழாது சார்" என்கிறான் மேனேஜர். என் பேரன் மூலையில் கிடந்த பழைய கட்டிலில் பிறந்தான். கையளவு குழந்தை, உடம்பு ஜில்லென்று இருந்தது.

உடனே கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சூடு கொடுக்க வேண்டும் என்றார் நர்ஸம்மா. எட்டுப் பெட்டி இருக்கிறது. பெட்டி கொடுத்தது ஒரு நாடு, சுவரும் சுவிட்ச்சும் கொடுத்தது இன்னொரு நாடு. இவன் பிளக் அவன் ஓட்டையில் நுழையாது! யார் மாற்றுவது என்று ஏழு மாதமாகக் கடிதம் போய் வந்துகொண்டிருக்கிறதாம். "நாமளா மாத்தினா ஒப்பந்தத்தை மீறின மாதிரி ஆயிடும் சார்" என்கிறான் அதே மேனேஜர். முப்பத்தோரு வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவனிடம் சொல்கிறான்! "நீயும் உன் ஒப்பந்தமும் நாசமாப் போங்க"ன்னு கத்திவிட்டு, விருந்தாளிகளுக்குக் காபி போட வைத்திருந்த கெட்டிலின் பிளக்கை வெட்டி, பல்லாலேயே வயரைச் சீவி, பெட்டிக்கு மாட்டினேன். சூடு வந்தது. பேரன் பிழைத்தான்.

அதற்கு முந்தின மாதம் ஒரு குழந்தை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, போர்வையில் சுற்றியபடி போய்விட்டதாம். அந்தக் குழந்தையின் தாத்தா வயர்மேன் இல்லை.

எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, நன்கொடைப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு. கெட்டிலுக்குத் தனி நோட்டீஸ். ஆகவே உன் மகளை அந்த வாசல் பக்கமே கூட்டிவராதே. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். மகள் பிள்ளையும் தானுமாக நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். மேனேஜருக்குத் தெரியாமல் மற்ற ஏழு பெட்டியையும் சரிபண்ணித் தர முடியுமா என்று கேட்டார். நாளைக்குப் போகிறேன். நீ மகளை இங்கேயே கூட்டிவந்துவிடு, சுற்றுவட்டாரத்தில் வேறு பெட்டி ஏது? கடையில் ஆறு பிளக்தான் இருந்தது. வரும்போது ஒன்று வாங்கிவா.