நெருப்பில்லாத தீயணைப்பு

நெருப்பே இல்லாத இடத்தில், பட்டப்பகலில், ஓர் அலுவலகமே பார்த்திருக்க நான் தீயை அணைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். மீதிக் கதையை நான் அதிகம் சொல்வதில்லை.

அப்போது அரியலூரில் உள்தணிக்கைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். சேர்ந்த சில மாதங்களில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ‘இடர் மேலாண்மை’ என்று ஒரு வகுப்பு. ஓர் அலுவலகத்தில் என்னென்ன விபரீதம் நடக்கலாம், அதைத் தடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் விஷயம். ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் வகுப்பெடுத்தவர். அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாக கேஸ் அடுப்பைச் சோதித்தேன். (ஒரு வாரம் என் கணவர் டீயை வெளியில்தான் குடித்தார்.)

பயிற்சி முடிந்து நான் தணிக்கைக்குப் போன முதல் அலுவலகம் செந்துறைப் பக்கம் இருந்தது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் காதர் மொய்தீன் சார், லெப்பைக்குடிகாட்டுக்காரர். ஓய்வு பெற ஒரு மாதம்தான் பாக்கி. அதற்கு மறுவாரமே மனைவியோடு ஷார்ஜா போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அங்கே மகளுக்கு முதல் பிரசவம்.

நான் கேட்ட பதிவேடுகளையெல்லாம் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்போதுதான் சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பான் கண்ணில் பட்டது. அதில் ஒட்டியிருந்த சீட்டின் தேதி காலாவதியாகியிருந்தது.

“இது வேலை செய்யாதே சார்” என்றேன்.

“செய்யும் மேடம். போன மாசம்தான் ஆளுங்க வந்து உள்ள பொடியை மாத்தி அடைச்சிட்டுப் போனாங்க. புதுச் சீட்டு மட்டும் இன்னும் வரல.”

“சீட்டு இல்லாம நான் எப்படி நம்புறது?”

“நம்பலாங்க” என்றார் அவர், பொறுமையாக.

நான் நம்பவில்லை. ஆணியிலிருந்து இறக்கி, ஊசியை உருவி, கைப்பிடியை லேசாக அழுத்தினேன். லேசாகத்தான் அழுத்தினேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அழுத்திய பிடி திரும்ப மேலே வரவில்லை.

அடுத்த அரை நிமிடம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கண் தெரிந்தபோது மேசை, கணினி, தேநீர், காந்தி படம் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. அன்று மனு கொடுக்கும் நாள். வரிசையாக அடுக்கியிருந்த மனுக்களின் மேல் மாவு போலப் பொடி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த முந்திரி விவசாயி ஒருவர் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, “மனு குடுக்க வந்தா திருநீறு பூசி அனுப்புறாங்க” என்றார்.

காதர் சார் கண்ணாடியைக் கழற்றினார். முகம் முழுக்க வெள்ளை. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம்.

“வேலை செய்யுதுங்க மேடம்” என்றார்.

இதுவரை நகைச்சுவை. இதற்குப் பிறகு நான் செய்ததுதான் வேறு மாதிரி.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது பயம் வந்தது. தகுதிகாண் பருவம், உண்மையை எழுதினால் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தேன். பல முறை எழுதிக் கிழித்த பிறகு இப்படி எழுதினேன்: ‘தணிக்கையின்போது தீயணைப்பான் இயக்கப்பட்டு, காலியான நிலையில் உள்ளது. மனுக்கள் சேதமடைந்துள்ளதாகக் கண்டறியப்பட்டது. பொறுப்பு அலுவலரின் விளக்கம் பெறப்பட வேண்டும்.’ அதில் ஒரு பொய்கூட இல்லை. ‘நான்’ மட்டும் இல்லை.

மாதக் கடைசியில் அந்த அலுவலகத்திலிருந்து உதவியாளர் தனம் அக்கா போன் செய்தார்.

“மாலையெல்லாம் வாங்கி வச்சாச்சு மேடம். சாரோட ஓய்வு ஆர்டர் வரல. நீங்க எழுதின தணிக்கைத் தடை நிலுவையில இருக்குதாம், அது முடியாம அனுப்ப மாட்டாங்களாம். சாரு டிக்கெட்ட ரத்து பண்ணிட்டாரு. அவங்க வூட்டம்மா மட்டும் தனியா போறாங்க.”

“நான்தான் செஞ்சேன்னு சார் விளக்கத்துல எழுதலையா?”

“எழுதச் சொன்னேங்க. ‘புதுசா வேலைக்கு வந்த புள்ள, வுடு’ன்னுட்டாரு. தன் கவனக்குறைவுன்னே எழுதிக் குடுத்துட்டாரு.”

அன்று பஸ்ஸில் பெரம்பலூர் வருவதற்குள் இரண்டு பேர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை என் அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். ‘தீயணைப்பானை இயக்கியது நான்’ என்று தொடங்கியது. அவர் இரண்டு தரம் படித்தார்.

“அறிக்கையில ‘நான்’னு எழுதுற வழக்கம் இல்லையேம்மா.”

“தெரியும் சார். அதனாலதான் கடிதமா எழுதினேன்.”

அவர் அதில் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீண்டது. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்கி, காதர் சாருக்கு ஆணை வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஷார்ஜாவில் பேத்தி பிறந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு லெப்பைக்குடிகாட்டில் காதர் சார் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு வாசலிலேயே மறந்துபோனது. வெறுமனே அழுதேன்.

“வுடும்மா” என்றார் காதர் சார். “நான்கூட எத்தனை வருஷம் ‘கோப்பு காணப்படவில்லை’ன்னு எழுதியிருக்கேன். தொலைச்சது நானாத்தான் இருக்கும்.”

என் கணவர் சிரித்தார். காதர் சாரும் சிரித்தார். பிறகு போனை எடுத்துக் குழந்தையின் படத்தைக் காட்டினார்.

“பொறந்த புள்ள காதுல மொதல்ல பாங்கு சொல்றது எங்க வழக்கம். அத நான்தான் சொல்லணும்னு மவ ஆசப்பட்டுச்சு. சம்பந்தி சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாராம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் வலித்திருக்காது.

அந்த அறிக்கையின் வாசகம் எப்படியோ எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், “பால் பொங்கிய நிலையில் கண்டறியப்பட்டது” என்பார் என் கணவர். சென்ற வாரம் என் மகள் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, “டம்ளர் உடைக்கப்பட்டுள்ளது, விளக்கம் பெறப்பட வேண்டும்” என்றாள். வீடே சிரித்தது. நான் துடைப்பத்தோடு நின்று, “யாரு உடைச்சா? ‘நான்’னு சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் சொல்லும்வரை.