அப்பா பாரும் டப்பா அண்ணாச்சியும்

அன்றைக்குத் திரேஸ்புரம் ஐஸ் கூடத்துக்குள் இருந்தது நான்கே பேர்: ஐஸ் உடைக்கிற நான், படகுக்காரர்கள் அந்தோணியும் ராயப்பனும், அப்புறம் டப்பா அண்ணாச்சி. இவரைப்போல மனிதரை நம்பாத மனிதர் பூமியில் பிறந்ததில்லை. கண்ணாடியில் தெரிகிற முகத்திடம்கூட "நீ யாருலே?" என்று கேட்டுவிட்டுத்தான் சவரம் செய்வார்.

ஊர் ஏரல், தொழில் ரேடியோ ரிப்பேர். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் செல்போன் செத்துவிடுகிறதே என்று, படகுக்கு ஒரு டப்பா செய்து மாட்டினார். டவரே வேண்டாம். ஒரு படகின் சேதியைப் பக்கத்துப் படகின் டப்பா வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். அப்படியே கைமாறி, ஐஸ் கூடத்து டப்பாவில் எழுத்தாக வந்து நிற்கும். ஏழாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. புரிந்ததும் பயந்தேன். எல்லாரும் எல்லாரையும் நம்பினால்தான் ஓடுகிற சாமான். அதைச் செய்தவர் யாரையும் நம்பாதவர். வாங்கியவர்களோ, மீன் கிடக்கிற இடத்தைப் பெண்டாட்டியிடமே மாற்றிச் சொல்கிறவர்கள்.

பயந்தபடியே நடந்தது. "சீலா மீன் நெறைய கெடக்கு" என்று ஒருவன் வீட்டுக்கு அனுப்பிய சேதியை நடுவில் கிடந்த படகெல்லாம் படித்துவிட்டன. அவன் வலையை இறக்குமுன் அங்கே திருவிழாக் கூட்டம். அண்ணாச்சி சேதிக்குப் பூட்டுப் போட்டார். உடனே நடுப்படகுகள் டப்பாவையே அணைத்துவிட்டன.

"படிக்க முடியாத கடுதாசிய நான் எதுக்கு அண்ணாச்சி சொமக்கணும்? எம் பேட்டரிலா தீருது" என்றான் அந்தோணி.

அடுத்து, ஒருவன் பேரில் இன்னொருவன் "எஞ்சின் நின்னுட்டு" என்று அனுப்பினான். உதவிக்கு நான்கு படகுகள் ஓட, அவை விட்டுப்போன மீனை இவன் அள்ளினான். அண்ணாச்சி படகுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்; சேதியோடு அது வந்தால்தான் நிஜம். என் தம்பி சேவியர், மறந்துவிடும் என்று தன் சொல்லைப் படகு முகப்பிலேயே பெயிண்டில் எழுதிவைத்தான். சுற்றிலும் பூ வேறு போட்டிருந்தான். அதைப் பார்த்த அண்ணாச்சிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் நான்கு பேரும் ஐஸ் கூடத்தில் இருந்த அன்று நடுப்பகலில் சேவியர் பேரில் சேதி வந்தது: "எஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. அப்பா பார்ல கெடக்கேன்." அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழியில் எவனோ டப்பாவை அணைத்திருக்கிறான்.

"போன மாசம் மாதிரி இதும் டூப்புலே" என்றான் ராயப்பன். "நான் டீசலை எரிக்கணும், வேறொருத்தன் மீனை அள்ளணுமாக்கும்."

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ரகசியச் சொல்லு சரியாத்தான் இருக்கு. ஆனா அதத்தான் ஒந் தம்பி பூப்போட்டு எழுதி வச்சிருக்கானே. எவன் அனுப்புனானோ. நான் செஞ்ச சாமான், எனக்கே தெரியலலே."

எனக்குத் தெரிந்தது. பார் என்றால் கடலுக்கடியில் மீன் தங்குகிற பாறைத்திட்டு. எங்கள் அப்பா கண்டுபிடித்து, சாகும்போது எனக்கும் தம்பிக்கும் மட்டும் சொன்னது அது. எங்கள் வீட்டுக்கு வெளியே அந்தப் பேர் யாருக்கும் தெரியாது.

"இது அவனேதான்" என்றேன், விவரத்தையும் சொன்னேன்.

"அப்ப அது எங்கன கெடக்குன்னு சொல்லு, போவோம்" என்றான் அந்தோணி.

இரண்டு குடும்பத்துச் சோறு அது. சொன்னேன். கரையில் தெரிகிற எந்தக் கோபுரத்தை எந்தப் புகைக்கூண்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும் என்பது முதல் எல்லாவற்றையும்.

பலகை ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கிடந்த சேவியரைத் தூக்கிவந்தார்கள். படகு முழுகிப் போய்விட்டது. மறுவாரமே அப்பா பாரில் பதினோரு படகுகள் நின்றன. மாதம் முடியுமுன் அங்கே கல்தான் மிச்சம். தம்பி இப்போது அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். இன்னும் வந்து சேரவில்லையே என்று நான் தினமும் கடலைப் பார்க்கிறேன். அண்ணாச்சி டப்பாக்களை எல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டி, ஏரலுக்கே போய்விட்டார். "டப்பாவுக்குப் பூட்டு போட்டுருவேன்லே. மனுசனுக்கு எங்கன போட?" என்றார் பஸ் ஏறும்போது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் இடத்தைச் சொல்லத் தொடங்கியதும் அந்தோணியும் ராயப்பனும் நெருங்கி வந்தார்கள். அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். உச்சி வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றார். நான் போய்த் தோளைத் தொடும்வரை விரலை எடுக்கவில்லை.