எட்டுக்குப் பிறகு ஐந்து

மீன்கடை ஏப்ரனைக் கழற்றாமலே ஜேன் தெருவில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். முதலாளியிடம் சொல்லாமல் விட்டுவந்த பதினோராவது வேலை அது. பஸ் தரிப்பில், நோயாளிகள் பிடித்து நடக்கும் அலுமினியச் சட்டத்தைத் தோளில் மாட்டியபடி சென்யோர் நின்றார். நம்மாள்தான்; ஸ்பானிஷ்காரர் 'ஐயா' என்று கூப்பிடுவது அவருக்குப் பட்டமாகிவிட்டது. ரொறன்ரோவில் என் வயிற்றை இவரளவுக்கு எரியவைத்த மனிதர் வேறு யாருமில்லை.

கனடாவுக்கு வரும் வழியில், எக்குவடோரில் ஏஜென்ட் பூட்டிவைத்த ஒரு வீட்டுக்குள் நாங்கள் இருவரும் எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்தோம். ஒரே பாய், ஒரே பருப்பு. அவர் ஸ்பானிஷ் மொழியோடு வெளியே வந்தார். நான் சீட்டாட்டத்தோடும், சீட்டு எண்ணுவதற்கான பத்து ஸ்பானிஷ் இலக்கங்களோடும் வந்தேன்.

இங்கே அந்த மொழிதான் அவருக்கு வேலை. விபத்தில் அடிபட்ட ஸ்பானிஷ்காரரை ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியதும் இவர் தேடிப் போவார். மருந்துத் தாளை வாசித்துச் சொல்வார், கிளினிக்குக்குக் கூட்டிப்போவார், பயிற்சி செய்யவைப்பார். போன இடமெல்லாம் சாப்பாடு, கட்டிப்பிடிப்பு. என்னை எந்த முதலாளியும் கட்டிப்பிடித்ததில்லை.

ஒருமுறை, ஒரு கிழவி எப்படி விழுந்தாள் என்று டொக்டருக்கு விளங்கப்படுத்த, கதிரையில் ஏறி அப்படியே விழுந்து காட்டினாராம். தாதிமார் ஓடிவந்து இவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கிழவி இவருடைய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு செபம் சொல்லியபடி இருந்தாளாம். எனக்காக யார் செபம் சொன்னார்கள்?

"என்னடாப்பா, உதையும் விட்டிட்டியே?" என்றார் ஏப்ரனைப் பார்த்து.

"ஓம் அண்ணை. மீனெல்லாம் என்னோட கதைக்குதில்லை."

"அப்ப வா, இதைத் தூக்கு. கதைக்கிற ஓராளிட்டக் கூட்டிக்கொண்டு போறன்."

அந்த ஆள் ரமிரோ. கூரை வேலையில் விழுந்து முழங்கால் போனவன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்து நிலத்தடி பேஸ்மென்ரில் இறக்கிய பிறகு, ஐந்து கிழமையாக மேலே வரவில்லை. வெளியே போகப் பதினாலு படி. முழங்காலை மடக்கிப் பழகாவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள்.

ரமிரோ குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு காலை மடக்க, சென்யோர் ஸ்பானிஷில் எண்ணினார். எட்டுக்கு வந்தவர் திரும்ப ஐந்துக்குப் போனார். மறுபடி எட்டு. மறுபடி ஐந்து. இத்தனை வருடப் பொறாமையும் எனக்குப் பொங்கியது.

"அண்ணை! எட்டுக்குப் பிறகு ஒன்பது! உது எனக்கே தெரியும்!"

நானே ஒன்பதும் பத்தும் ஸ்பானிஷில் உரக்கச் சொன்னேன். ரமிரோ காலை இறக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டான். ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சொல்றான்?"

"'இருபது எண்டால் எனக்குப் பயம், பத்தெண்டால் செய்வன். இவர் பிழையா எண்ணுறது எனக்குத் தெரியாதோ? இதைத் திருத்த இந்த மீன்காரன் ஆர்?' எண்டு கேக்கிறான்."

என் முகம் போன போக்கைப் பார்த்தும் சென்யோர் விடவில்லை. "இண்டைக்குப் படி ஏறலாமெண்டு கிளினிக்கில சொல்லிட்டினம். நான் பக்கத்தில பிடிக்கிறன். நீ பின்னால நிண்டு எண்ணு. உனக்குத்தானே சரியாத் தெரியும்."

ரமிரோ ஒரு கையால் கைபிடியையும் மறு கையால் சென்யோரின் தோளையும் பற்றினான். நான் எண்ணினேன். எட்டாம் படியில் அவன் நின்றான். கால் நடுங்கியது. இன்னும் ஆறு படி. திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்பது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"சிங்கோ," என்றேன். ஐந்து.

ரமிரோ சிரித்துவிட்டான். காலைத் தூக்கினான். ஆறு, ஏழு, எட்டு. பிறகுதான் ஒன்பது, பத்து. பதினாலு படியையும் பத்தில் ஏறி வெயிலில் நின்றான். நின்றவன் சென்யோரைத்தான் கட்டிப்பிடித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, சென்யோர் ஏறும் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று அரை மணி முந்தியே போய் நின்றேன். அவரோடு அலுமினியச் சட்டங்கள் சுமக்கும் வேலை கிடைத்தது. வேலைப் படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் 'ஸ்பானிஷ்' என்று அவரே எழுதினார்.

"அண்ணை, எனக்குப் பத்து இலக்கந்தானே தெரியும்?"

"பிழையா எண்ணத் தெரியுந்தானே? அது காணும். கையெழுத்தை வை."