டாலருக்கு ஒரு மண்டலம்

எனக்குப் பக்தி அதிகம். பயம் அதைவிட அதிகம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கடம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூரையே சாட்சி.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் உலைப் பக்கம் வேலை பார்த்தேன். ஒழுகுகிற ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போடலாம் என்று பி.எஃப். பணத்தை எடுத்து வைத்திருந்தேன். கம்பி விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் சனி பகவான் தாமு உருவத்தில் வந்தார். தாமு எங்கள் தெருக்காரன். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம், ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்த புரோக்கர் ஆபீசுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். நம் நாட்டிலேயே டாலரை வாங்கி விற்கும் சந்தை திறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"நைனா, டாலரு ஏறிக்கினே கீது. துட்ட ஊட்ல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ரெண்டே மாசம். தளம் இன்னா தளம், மாடியே கட்டலாம்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, அவன் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். காகிதம் முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது எட்டாவது. ஆனாலும் புரிந்த மாதிரி நடுநடுவே "ம்ம்" என்றேன். (அந்த "ம்ம்" ஒவ்வொன்றும் பின்னால் எத்தனை மூட்டை சிமெண்ட் ஆயிற்று என்று கேட்காதீர்கள்.)

சில நாளில் புரோக்கர் ஆபீசிலிருந்து கவர்கள் வர ஆரம்பித்தன. புதுக் காகிதம் எது வந்தாலும் எங்கள் வீட்டில் செய்வதையே செய்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே அடுக்கினேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், எந்தக் கவரையும் திறப்பதில்லை என்று வேண்டுதல் வேறு.

"விதை போட்டவன் தெனம் தோண்டிப் பாப்பானா?" என்று மனைவி செல்வியிடம் பெருமையாகக் கேட்டேன்.

"போட்டது வெதையா, கூழாங்கல்லான்னு ஒரு தபா தோண்டித்தான் பாரேன்யா" என்றாள். கேட்டேனா?

நாற்பத்தொன்பதாம் நாள் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு, அதில் ஒரு டப்பா தாமுவுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவை வாங்கிக்கொண்டு அவன் சொன்னான்: "அல்லாம் பூடுச்சி நைனா."

"இன்னாடா பூடுச்சி? நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"இன்னா சொல்லல? தெனம் பதினோரு மணிக்குப் போன் பண்ணி வாங்கு, வில்லுன்னு நீதான சொன்ன? ஒவ்வொண்ணுக்கும் கவரு வந்துச்சில்ல? பாத்துக்கினு சும்மாதான இருந்த?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேஸு கீஸுன்னு போவாத. டாலரு சமாச்சாரம். கையெழுத்து உன்னுது. மொதல்ல உன்னத்தான் தூக்கி உள்ள வெப்பாங்க."

அன்றிலிருந்து தெருவில் காக்கிச்சட்டை தெரிந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். (ஒரு தரம் அது தபால்காரர்.) போனது போகட்டும் என்று வாயை மூடிக்கொள்ளத்தான் இருந்தேன். ஆனால் முதல் மழை வந்தது. செல்வி ஒழுகும் இடத்தில் எல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னோடு வேலை செய்த பழவேற்காட்டுக்காரர் காதர் பாயிடம் அழுதேன். கவர்களைப் பிரித்துப் படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பைத்தியமே, இது பதிவு பண்ண புரோக்கருய்யா. டாலர் யாவாரம் தப்பில்ல. நீ சொல்லாத யாவாரத்த உன் பேர்ல பண்ணாங்க பாரு, அதான் தப்பு. சந்தைக்காரங்க கிட்ட புகார் குடு, கூப்ட்டு விசாரிப்பாங்க. ஆமா, பதினோரு மணிக்கு நீ எங்க இருப்ப?"

"உலையாண்ட."

"உன் செல்லு?"

"கேட்ல."

எங்கள் கம்பெனியில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள். காலையில் கேட்டில் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போட்டால், சாயந்திரம்தான் திரும்பக் கையில் கிடைக்கும். பாய் செக்யூரிட்டியைக் கெஞ்சி அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். புகாரையும் அவரே எழுதினார்.

சந்தைக்காரர்களிடமிருந்து, சென்னைக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விசாரணை என்ற சொல்லைப் பார்த்ததுமே, ஜெயிலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். காதர் பாய் சொன்னது ஒரு காதில், தாமு சொன்னது மறு காதில். செல்வி கண்ணீரோடு மஞ்சள் பையில் லுங்கி, துண்டு, சோப்பு, பல்பொடி, விபூதிப் பொட்டலம் எல்லாம் வைத்தாள். நான் கவர்களையும் உள்ளே போட்டு, ஜெராக்ஸைப் பத்திரமாக லுங்கி மடிப்புக்குள் சொருகினேன்.

அங்கே ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெரியவர் உட்கார்ந்திருந்தார். தீர்ப்புச் சொல்பவர் அவர்தான். புரோக்கரின் வக்கீல், நான் தினமும் பதினோரு மணிக்குப் போன் செய்ததாக அடித்துச் சொன்னார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் பெரியவர்.

பதிலுக்குப் பையைக் கவிழ்த்தேன். மஞ்சள் குங்குமத்தோடு கவர்கள் விழுந்தன. சோப்பு உருண்டு வக்கீல் காலடிக்குப் போயிற்று. விபூதிப் பொட்டலம் பிரிந்து மேசையெல்லாம் திருநீறு. லுங்கியை உதறினேன், ஜெராக்ஸ் பறந்தது. கடைசியாகப் பல்பொடி டப்பா உருண்டுபோய்ப் பெரியவர் எதிரே நின்றது.

அவர் அதைக் கையில் எடுத்தார். "இது எதுக்கு சாட்சி?"

"சாட்சி இல்லீங்க ஐயா. உள்ள வெச்சிட்டா காலையில பல்லு வெளக்கணுமே..."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா, புகார் கொடுத்ததே நீங்க. உங்களை யார் உள்ள வைக்கப் போறாங்க?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெராக்ஸைப் படித்தவர் வக்கீல் பக்கம் திரும்பி, "செல்லு கேட்ல, ஆள் உலையில. போன் பண்ணது யாரு? பதிவு பண்ணின குரல் இருக்கா?" என்றார். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது பெரியவர் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார். "இதை ஏன் அன்னைக்கே பிரிச்சுப் பார்க்கல?"

மண்டல வேண்டுதலைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சொல்லாத வியாபாரத்துக்குப் புரோக்கர் பொறுப்பு. கவர் வந்தும் நாற்பத்தெட்டு நாள் வாயைத் திறக்காததற்கு நான் பொறுப்பு. பாதிப் பணம் திரும்பிற்று.

பாதிப் பணத்துக்குப் பாதித் தளம் போட்டோம். மீதிப் பாதி இன்னும் ஓடுதான். முருகன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கவரைத் திறக்காதே என்று அவர் சொல்லவே இல்லையே. இப்போதும் எந்தக் கவர் வந்தாலும் குங்குமம் உண்டு. பிரித்துப் படிக்கவைத்துக் கேட்ட பிறகு.

மழை பிடித்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தளத்துப் பக்கம் ஓடிவிடுவோம். போன ஐப்பசியில் மருமகப்பிள்ளை விவரம் தெரியாமல் ஓட்டுப் பக்கமே படுத்துவிட்டார். மூக்கில் சொட்டியதும் அலறி எழுந்தார்.

செல்வி இந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "இப்டி வந்துருங்க மாப்ள. அது உங்க மாமனாரோட மண்டலம். நாப்பத்தெட்டு நாளும் ஒழுவும்."